கடைக்குள் போடும் பணம்



சரக்கு வாங்குவதில் நம்மை ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல. துவரம் பருப்பை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறோம். மல்லியை முகர்ந்து பார்க்கிறோம். மிளகாய் வற்றலை ஒடித்து ஈரம் பார்க்கிறோம். கிலோவுக்கு 50 காசு வித்தியாசம் என்றாலும் இரண்டு மண்டிக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் மூட்டையை இறக்குகிறோம். ஆனால் கடையைப் புதுப்பிப்பது என்று வந்துவிட்டால் இந்தச் சாமர்த்தியம் எல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. வேலை எடுத்துச் செய்பவர் கொண்டுவரும் படப் புத்தகத்தைப் புரட்டி, "இது பளிச்சென்று இருக்கிறது, இதையே போடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் கடை. பக்கத்துத் தெருவில் பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று வரப்போகிறது என்ற பயத்தில், 2013-இல் சீட்டு எடுத்த பணத்தைப் போட்டுக் கடையின் உட்புறத்தை மாற்றினேன். அப்பா காலத்துத் தேக்குப் பலகை அடுக்குகளைக் கழற்றிப் பழைய மரக் கடைக்குக் கொடுத்தேன். அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று புதுப் பலகை ரேக்குகள், மேலே ஃபால்ஸ் சீலிங், முகப்பில் அலுமினியப் பலகை என்று எல்லாம் வந்தன. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் கடையா, மாளிகையா என்று கேட்டார்கள். எட்டே மாதத்தில் சர்க்கரை வைத்திருந்த தட்டு படகு போல் வளைந்தது. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடைக்குள் ஒரு சாண் தண்ணீர்தான் ஏறியது. அதற்கே ரேக்கின் கால்கள் ஊறி, ரொட்டி போல் உப்பி உதிர்ந்தன. ஒரு ரேக் அப்படியே முன்னால் சாய்ந்தது. அதன் அடியில் துடைத்துக்கொண்டிருந்த பையன் ஒரு நிமிடம் முன்புதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தான்.

அன்றைக்குப் பிறகுதான் பலகை, விளக்கு, கூரை என்று எதை வாங்கினாலும் பருப்பை வாங்குவது போல் சோதித்து வாங்கக் கற்றுக்கொண்டேன். கற்றதை இங்கே எழுதுகிறேன். ஜவுளிக் கடைக்கும் நகைக் கடைக்கும் பொருந்தும் பொருள் மளிகைக் கடைக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். நம் கடையில் பாரம் அதிகம், ஈரம் உண்டு, எலியும் கரையானும் உண்டு. எண்ணெய், சாக்கு, அட்டைப் பெட்டி என்று தீப்பிடிக்கும் சரக்கும் நிறைய உண்டு.

பலகைகள்

கடைக்காரர் "பிளைவுட்" என்று சொல்லி விற்பதெல்லாம் பிளைவுட் அல்ல. இன்று சந்தையில் ரேக் செய்யக் கிடைக்கும் பலகைகள் முக்கியமாக நான்கு வகை. மரத்தை மெல்லிய தாள்களாக உரித்து, ஒரு தாளுக்குக் குறுக்காக அடுத்த தாளை வைத்து ஒட்டியது பிளைவுட். மரத் துகளைப் பசையோடு அழுத்தியது பார்ட்டிகிள் போர்டு. மரத்தைப் பஞ்சு போல் நார் நாராக்கி அழுத்தியது எம்.டி.எஃப். மரத் தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து வார்த்தது டபிள்யூ.பி.சி. நான்கின் மேலும் ஒரே சன்மைக்காவை ஒட்டிவிட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. என் கடையில் போட்டது பார்ட்டிகிள் போர்டு என்பதே, அது உடைந்த பிறகு உள்ளே இருந்த தூளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சன்மைக்கா என்பது ஒரு கம்பெனியின் பெயர். நம் ஊரில் அந்த வகைத் தகடு எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அமெரிக்காவில் 1912-இல் இதே வகைத் தகட்டைக் கண்டுபிடித்தவர்கள் அதை மேசைக்காகச் செய்யவில்லை. மின்சாரச் சாதனங்களில் காப்புக்குப் பயன்பட்ட மைக்காவுக்கு மாற்றாகத்தான் செய்தார்கள். ஃபார்மைக்கா என்ற பெயரும் அப்படித்தான் வந்தது. தகடு நல்ல பொருள்தான். சூடு தாங்கும், கறை பிடிக்காது. ஆனால் பாரத்தைத் தாங்குவது தகடு அல்ல, அதன் அடியில் இருக்கும் பலகை.

பாரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள ஒரு தட்டில் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டுகளை ஒன்றே கால் அடி உயரத்திற்கு அடுக்கினால் 100 கிலோவைத் தாண்டிவிடும். இரண்டு ஆட்கள் நாள் முழுவதும் தட்டின் மேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். துணிக் கடைத் தட்டுக்கு இந்தப் பாரம் வராது. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டிலும் இன்னொரு குணம் இருக்கிறது. போட்ட அன்று வளையாமல் நிற்கும். பாரம் மாதக் கணக்கில் மேலேயே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துகொண்டே போகும். பாரத்தை இறக்கினாலும் பழையபடி நிமிராது.

தொய்வுக்கு எஞ்சினியர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கடைக்காரர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய கணக்கு அது. அடிக்கு அடி அதே பாரத்தை ஏற்றி, தட்டின் நீளத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் தொய்வு 16 மடங்காகும். நீளத்தை மாற்றாமல் பலகையின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு 8-இல் ஒரு பங்காகக் குறையும். ஆக, 4 அடித் தட்டு வளைகிறது என்றால் கனமான பலகைக்குப் பணம் கொடுப்பதைவிட நடுவில் ஒரு கால் கொடுத்துவிடுவது மேல். 2 அடி, 2 அடியாகப் பிரியும்போது தொய்வு 16-இல் ஒரு பங்குதான். செலவும் மிகக் குறைவு. நடுவில் கால் வந்தால் அழகு கெடும் என்று வேலைக்காரர் சொல்வார். சொல்லட்டும்.

பிளைவுட்டிலும் தரம் உண்டு. எம்.ஆர். என்று போட்டிருப்பது ஈரக் காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். என்பது கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டியது. பொது உபயோகப் பிளைவுட்டுக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 303. கப்பல் பிளைவுட் என்று நாம் சொல்லும் மரைன் வகைக்கு ஐ.எஸ். 710. பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் என்னும் செல்போன் செயலியில் போட்டால் அது எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று தெரிந்துவிடும். முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம். எண்ணைச் சரிபார்ப்பதுதான் பாதுகாப்பு.

இன்னும் சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை வெட்டித் தரச் சொல்லுங்கள். பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, சில மணி நேரம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். எம்.ஆர். துண்டின் விளிம்பு பிரியத் தொடங்கும். பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் கொதிக்கவே வேண்டாம், ஓர் இரவு தண்ணீரில் போட்டு வைத்தாலே உப்பிவிடும். துண்டு தர மறுக்கும் கடையில் பலகை வாங்க வேண்டாம். நாம் பருப்புக்குச் சாம்பிள் கொடுக்கவில்லையா?

டபிள்யூ.பி.சி. பலகையைப் பற்றி இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். கரையான் தின்னாது, தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று சொல்வது உண்மைதான். அதனால் பாரம் ஏற்றும் தட்டுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். அது தவறு. விறைப்பில் அது பிளைவுட்டுக்கு ஈடாகாது. வெயில் படும் சுவர் ஓரத்தில் இன்னும் சீக்கிரம் தொய்யும். தரையை ஒட்டிய கதவு, கை கழுவும் இடத்தைச் சுற்றிய தடுப்பு, ஈரச் சுவரின் மேல் அடிக்கும் பலகை ஆகியவற்றுக்கு அது மிகவும் ஏற்றது. அரிசி மூட்டைக்கு அல்ல. பார்ட்டிகிள் போர்டையும் அடியோடு தள்ள வேண்டியதில்லை. கல்லா மேசையின் இழுப்பறைக்கும், உள்ளே கணக்கு எழுதும் இடத்திற்கும் தாராளமாகப் போடலாம்.

பாரத்திற்கு இரும்புதான் கடைசி வார்த்தை என்பது என் கருத்து. ஓட்டை போட்ட ஆங்கிள் ரேக்கை நாம் எல்லாரும் கிட்டங்கியில் வைத்திருக்கிறோம். இங்கிலாந்தில் டெமெட்ரியஸ் கோமினோ என்பவர் 1947-இல் டெக்ஸியான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த பொருள் இது. வெட்டி, போல்ட் போட்டு, எந்த அளவுக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சிறப்பு. இன்று பவுடர் கோட்டிங் செய்த ரேக்குகள் முன் கடையிலேயே வைக்கும் அழகோடு கிடைக்கின்றன. வாங்கும்போது தகட்டின் கேஜைக் கேளுங்கள். கேஜ் எண் குறையக் குறையத் தகடு கனமாகும். 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் என்றால் 0.7-க்குப் பக்கம். இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே பளபளப்பில் நிற்கும். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உப்பை இரும்புத் தட்டில் நேராக வைக்கக் கூடாது. ஒரு கீறல் விழுந்த இடத்தில் உப்பு பட்டால் துரு பூச்சின் அடியிலேயே ஓடும். உப்புக்குப் பிளாஸ்டிக் தட்டோ, மரப் பலகையோதான் சரி.

ரேக் எதுவானாலும் அதன் அடித்தட்டு தரையிலிருந்து அரை அடி மேலே இருக்கட்டும். சுவரிலிருந்தும் கை நுழையும் இடைவெளி வேண்டும். துடைப்பம் போகாத இடத்தில்தான் எலி குடும்பம் நடத்துகிறது.

விளக்கு

கடந்த 30 ஆண்டுகளில் கடைக்குள் வந்த புதுமைகளில் எது உண்மையிலேயே பணத்தை மிச்சப்படுத்தியது என்று கேட்டால், எல்.இ.டி. என்றுதான் சொல்வேன். சிவப்பு எல்.இ.டி. 1960-களிலேயே வந்துவிட்டது. வெள்ளை வெளிச்சத்திற்கு நீல எல்.இ.டி. தேவைப்பட்டது. 1990-களில் அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

பழைய 40 வாட் ட்யூப் லைட், சோக்கையும் சேர்த்தால் 50 வாட் அளவுக்கு இழுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போதும். 10 விளக்கு, நாளுக்கு 12 மணி நேரம் என்றால் நாளுக்கு 3.6 யூனிட், மாதத்திற்கு 108 யூனிட் மிச்சம். உங்கள் வணிக இணைப்பின் யூனிட் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள்.

இதில் நாம் கவனிக்காத ஒன்று நிறம். வெள்ளை எல்.இ.டி. என்பது நீல வெளிச்சத்தின் மேல் மஞ்சள் பூச்சு பூசி உண்டாக்குவது. பூச்சு மட்டமாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் சிவப்பு குறைவாக இருக்கும். விளைவு என்ன? குண்டூர் மிளகாய் பழைய சரக்கு போல் பழுப்பாகத் தெரியும். துவரம் பருப்பு வெளுத்துத் தெரியும். சரக்கில் ஒரு குறையும் இருக்காது, விளக்கு அதைக் கெடுத்துக் காட்டும். விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு அது. 100 என்பது அதன் உச்சம். 80-க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். மிளகாய், மஞ்சள், பருப்பு வைக்கும் பகுதிக்கு 90 கிடைத்தால் நல்லது.

இன்னோர் எண் கெல்வின். 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. மஞ்சள் வெளிச்சத்தில் புது அரிசியும் பழுப்பேறிய அரிசி போல் தெரியும். 6500-இல் அரிசி மல்லிகை போல் தெரியும், ஆனால் வீட்டுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கும் அம்மா, "கடையில் பார்த்த அரிசி இது இல்லையே" என்பார். 4000 நடுநிலையானது. எங்கள் கடை முழுவதும் இப்போது அதுதான்.

திறந்த மூட்டைக்கு மேலே கண்ணாடிக் குழல் விளக்கு வேண்டாம். எல்.இ.டி. குழல்களிலும் கண்ணாடியால் ஆனவை வருகின்றன, கேட்டு வாங்குங்கள். விளக்கு உடைந்து உணவில் விழாதபடி அமைக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. எண்ணெய்ப் பாக்கெட்டுகளையும் மசாலாப் பொடிகளையும் விளக்கின் நேர் அடியில் வைக்க வேண்டாம். வெளிச்சமும் சூடும் எண்ணெயைச் சீக்கிரம் சிக்கடிக்க வைக்கும்.

கூரையும் முகப்பும்

ஃபால்ஸ் சீலிங் பற்றிக் கொஞ்சம் காரமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஓட்டுக் கூரையிலிருந்து தூசும் பல்லி எச்சமும் விழுவதைத் தடுக்க அது உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மளிகைக் கடையில் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள இருட்டு இடம், எலிக்கு நாமே கட்டிக்கொடுக்கும் வீடு. இரவில் இறங்கித் தின்கிறது, பகலில் மேலே ஏறி ஒயரைக் கடிக்கிறது. என் கடையில் ஒரு பி.வி.சி. பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, தோல் உரிந்து செம்புக் கம்பி தெரிய ஒயர் கிடந்தது. பக்கத்திலேயே கடித்துப் போட்ட சாக்கும் பஞ்சும். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே விரும்பவில்லை.

பி.வி.சி. பலகை சூட்டில் சீக்கிரம் இளகும். எரிந்தால் கரும்புகையோடு மூச்சை அடைக்கும் அமில வாயுவும் வரும். ஜிப்சம் பலகை அந்த வகையில் மேலானது. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்குள்ளேயே கட்டுண்ட நீர். தீ வந்தால் அந்த நீர் ஆவியாகி முடியும்வரை சூட்டைத் தடுத்து நிற்கும். ஆனால் மேலே மழை ஒழுகினால் ஊறிச் சரிந்துவிடும். கட்டாயம் சீலிங் வேண்டும் என்பவர்கள் 2 அடிக்கு 2 அடி சதுரங்களாக எடுத்து வைக்கக்கூடிய வகையைப் போட்டு, மாதம் ஒருமுறை நான்கு சதுரங்களைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்த வழி, சீலிங்கே இல்லாமல் கூரையின் அடிப்பக்கத்தை வெள்ளை அடித்து, ஒயரைக் கண்ணுக்குத் தெரியும் குழாயில் ஓட்டுவது. ஒயர் எஃப்.ஆர்.எல்.எஸ். வகையாக இருந்தால் தீ பரவுவதும் புகையும் குறைவு. மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருக்கட்டும்.

முகப்புக்குப் போடும் ஏ.சி.பி. பலகை இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது. மலிவான வகையில் நடுவில் இருப்பது பாலிஎத்திலீன், அதாவது நம் கேரி பேக் பிளாஸ்டிக். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்னும் அடுக்குமாடிக் கட்டிடத்தில் 2017 ஜூன் 14-இல் நான்காவது மாடி வீடு ஒன்றின் ஃபிரிட்ஜில் தொடங்கிய தீ, வெளிச் சுவரில் போட்டிருந்த இந்த வகைப் பலகையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. 72 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, மே 31-இல், சென்னை தியாகராய நகரில் ஏழு மாடி ஜவுளிக் கடை ஒன்று எரிந்ததை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அடர்ந்த புகையால் தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழையவே திணறினார்கள். கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, மீதியை இடித்து அகற்றினார்கள். நம் கடையிலும் ஃபிரிட்ஜ் இரவெல்லாம் ஓடுகிறது. ஷட்டரை இழுத்துவிட்டால் உள்ளே புகை போக ஒரு வழியும் இல்லை. இருக்கிற ஜன்னலையும் வெளியே பலகை அடித்து மூடிவிடுகிறோம்.

ஏ.சி.பி. வேண்டுமானால் எஃப்.ஆர். தரம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு துண்டைத் திறந்த வெளியில் இடுக்கியால் பிடித்து விளிம்பில் நெருப்பு வைத்துப் பாருங்கள். பாலிஎத்திலீன் மெழுகுவர்த்தி போல் உருகி, எரிந்துகொண்டே சொட்டும். ஜன்னலை மூடாதீர்கள்.

தரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு, எண்ணெய்க் கறை ஏறாது. ஆனால் அதே காரணத்தால் வெறும் சிமெண்டுப் பால் அதில் நன்றாகப் பிடிக்காது, டைல்ஸ் ஒட்டும் பசை போட வேண்டும். பாலிஷ் வகையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் சிந்தினாலும் வழுக்கும். மேட் வகையே நமக்கு.

வாடகைக் கடைக்காரர்களுக்கு

நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கட்டிடத்தில் இருப்பவர்கள். கடைக்குள் போடும் பணத்தில் எது நம்மோடு வரும், எது கட்டிடத்தோடு நின்றுவிடும் என்று முதலிலேயே பிரித்துப் பார்த்துவிட வேண்டும். டைல்ஸ், சீலிங், சுவரோடு அடித்த பலகை எல்லாம் உரிமையாளருக்கே. போல்ட் போட்ட ரேக், விளக்கு, கல்லா மேசை, தராசு நமக்கு. முதல் வகைக்குச் செலவு செய்வதற்கு முன் உரிமையாளரிடம் பேசி, ஒப்பந்தக் காலத்தை நீட்டியோ, வாடகையில் கழித்தோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சு போதாது. தீக் காப்பீட்டிலும் சரக்குக்கு ஒரு தொகை, ரேக், மேசை, விளக்கு போன்றவற்றுக்கு ஒரு தொகை என்று தனித்தனியாக எழுதுவார்கள். புதுப்பித்த பிறகு இரண்டாவது தொகையை உயர்த்தாமல் விட்டால் நஷ்ட ஈடு பழைய கணக்கில்தான் வரும்.

2021-இல் கட்டிட உரிமையாளர் தன் மகனுக்கு இடம் வேண்டும் என்றார். காலி செய்தோம். 2016-இல் மீண்டும் வாங்கிய இரும்பு ரேக்குகள் 11-ஐயும் ஸ்பானர் வைத்து ஒரே பகலில் கழற்றி, இரண்டு நடை டெம்போவில் புதுக் கடைக்குக் கொண்டுவந்து மறுநாளே சரக்கு அடுக்கிவிட்டோம். 2013-இல் போட்ட டைல்ஸும் முகப்பும் அங்கேயே நிற்கின்றன. இப்போது அது செல்போன் கடை. அந்த வழியாகப் போகும்போது என் வீட்டுக்காரி அதைக் காட்டி, "நம்ம சீட்டுப் பணம்" என்பாள்.